சாட்சிக் கிணறு

பாதாளத்தில் அமிழ்ந்த பூமிதேவியை மீட்டு வந்த வராகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமுஷ்ண க்ஷேத்திரத்தில், அப்பெருமானின் திருமேனி வியர்வையே தீர்த்தமாயிற்று என்று ஸ்தல புராணம் சொல்லும் நித்ய புஷ்கரணியைத் தரிசித்துவிட்டு, ஊருக்குப் புறம்பே முன்னொரு காலத்தில் அரவை ஆலை நடந்த ஒரு மனைக்குச் சென்றேன். ஆலை நின்று பல வருஷங்களாயின. அதற்கு டீசல் ஊட்டிய இரும்புத் தொட்டி மட்டும் மண்ணுக்குள்ளேயே துருவேறிக் கிடந்து, அண்மையில்தான் தோண்டி எடுக்கப்பட்டது. குழி மண்ணில் எண்ணெய் நாற்றம் வீசியதால், கசிவு நிலத்தடி நீரையும் எட்டிவிட்டதா என்று அறிய, ஐந்து பேர் அங்கே கண்காணிப்புக் கிணறு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

குடிக்கவோ பாசனத்துக்கோ உதவாத கிணறு அது. பூமிக்குள் நடப்பதை உள்ளவாறு சொல்வதொன்றே அதன் உத்தியோகம். தொட்டி கிடந்த இடத்தருகே ஒன்றும், மேட்டில் ஒன்றும், பள்ளத்தில் ஒன்றுமாக மூன்று துளைகளுக்குக் குறியிட்டிருந்தார்கள். மூன்று எதற்கு என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

“ஒரு கிணத்துல மட்டம் பார்த்தா, தண்ணி எத்தனை அடியில இருக்குன்னுதான் தெரியும் ஐயா. மூணுலயும் பார்த்தாத்தான் அது எந்தப் பக்கம் நகருதுன்னு தெரியும்” என்றார்.

சேற்றுக் குழம்பு ஊற்றித் துளைத்தால் பரீட்சை கெடும் என்பதால், மண்ணைத் திருகி எடுக்கும் கருவியைக் கையாலேயே சுழற்றி இறக்கினார்கள். வெளிவந்த மண்ணை ஆழவாரியாகத் தார்ப்பாயில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துப் பையில் கட்டி வெயிலில் வைத்து, அதில் திரளும் ஆவியைக் கருவியால் அளந்தார்கள். ஒரு துளையின் அழுக்கு மறு துளைக்குப் பழியாகிவிடக்கூடாதென்று, கருவியைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே அடுத்த துளையில் வைத்தார்கள். குழாய்களைப் பசை போட்டு ஒட்டாமல் மரைபோட்டே இணைத்ததும், பசையின் ரசாயனம் நீரில் கலந்து கணக்கைப் பிசகச் செய்யும் என்பதாலேயே.

குடிநீர்க் கிணற்றில் ஆழம் ஒரு பெருமை. இங்கோ அளவு தப்பிய ஆழம் தோஷமாகிவிடும். எண்ணெய் நீரைவிட இலேசானதாகையால் மேலே மிதக்கும். துளையிட்ட வடிகட்டிக் குழாய் முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கிவிட்டால், மிதக்கும் எண்ணெய் அதனுள் நுழையாமல், கெட்டுப்போன பூமியையும் நல்ல பூமி என்றே அந்தக் கிணறு சொல்லும். ஆகவே, ஐப்பசி மழையில் ஏறும் மட்டத்தையும் கோடையில் இறங்கும் மட்டத்தையும் ஒருசேரத் தழுவும்படி அக்குழாயை நிறுத்தினார்கள்.

குழாயைச் சுற்றிலும் மணல் நிரப்பிய பின், அதன்மேல் பென்டோனைட் களிமண் உருண்டைகளை இடும் கட்டம் வந்தது. இளமையில் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை பார்த்த மேஸ்திரிக்குக் களிமண்ணின் சுபாவம் அத்துப்படி. கைப்பிடி கைப்பிடியாக இட்டு, ஒவ்வொரு முறையும் நாடாவை இறக்கி அளந்தார். “அவசரப்பட்டுக் கொட்டினா நடுவழியில அடைச்சுக்கும், கீழே பொந்து நின்னுடும் ஐயா” என்று சொல்லிவிட்டு, நீர் ஊற்றி, அது ஊறிப் பருக்கும் வரை பொறுமையோடு உட்கார்ந்திருந்தார். அந்த இடைவெளி சரியாக அடைபடாவிட்டால், மேல்மண்ணிலுள்ள எண்ணெய் குழாயை ஒட்டியே வழிந்து நீரில் சேரும்; விஷத்தைத் தேட வந்த கிணறே விஷத்துக்கு வழியாகிவிடும். களிமண்ணின்மேல் சிமெண்ட் பூசி மூடிவிட்டால், அந்த வேலை சரியாக நடந்ததா என்பதை எவரும் பார்க்கப்போவதில்லை. ஆயினும் சாட்சியின் சத்தியம் முழுவதும் கண்ணுக்கு மறைந்த அந்தச் சில அடிக் களிமண்ணில்தான் இருக்கிறது.

2013ஆம் ஆண்டு சென்னைத் தண்டையார்ப்பேட்டையில், பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் குடும்பங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறியதையும், வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதையும் அங்கே நின்றபடி நினைத்துக்கொண்டேன். புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் பெட்ரோலில் உண்டு. குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம். இத்துணை சூக்ஷ்மமான அளவைத் தேடுகிறவர்களுக்கு, மாதிரிப் புட்டியில் ஒரு குமிழிகூட நில்லாமல் விளிம்புவரை நீர் நிரப்புவதும், அதைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்வதும் வெறும் சடங்கல்ல.

பொழுது சாயும்போது மூன்றாவது கிணற்றுக்கு இரும்பு மூடியிட்டுப் பூட்டி, எண் எழுதினார்கள். இதைப் படிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: உங்கள் மனையில் உபயோகமற்ற எண்ணெய்த் தொட்டி புதைந்து கிடந்தால், தகுந்தவர்களைக் கொண்டு அதை அகற்றி, மண்ணையும் பரிசோதியுங்கள். கிணற்று நீரில் எண்ணெய் நாற்றம் கண்டால் காய்ச்சிக் குடிக்க முயலாதீர்கள்; அந்த ஆவி சுவாசத்துக்கும் தீங்கு, தீப்பற்றும் அபாயமும் உண்டு. நீர் இறைப்பதை அன்றே நிறுத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.