யாரும் கண்டுகொள்ளவில்லை

லினக்ஸ் கெர்னலின் பிழைச்செய்திகள் பெரும்பாலும் எண்களும் முகவரிகளும்தான். ஒன்று மட்டும் மனுஷன் பேசுவதுபோல இருக்கும். இன்டரப்ட் எண்ணைப் போட்டு, பக்கத்தில் ‘நோபடி கேர்ட்’ என்று எழுதும். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு அந்த இன்டரப்ட்டை மூடிவிட்டதாக இன்னொரு வரி.

இன்டரப்ட் என்பது வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல். தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் மின்னேற்ற மாற்றத்தை அளந்துகொண்டே இருக்கும் சிப் ஒன்று உண்டு. விரல் பட்டதும் அது ஒரு கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கும். பெல் அடித்தாயிற்று. பிராசசர் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு டிரைவரைக் கூப்பிடும். டிரைவர் போய் அந்தச் சிப்பிடம், ‘எங்கே தொட்டார்கள்?’ என்று கேட்டு வரும்.

பொய்த் தொடுகை வேறு, பொய் இன்டரப்ட் வேறு. மழைத்துளி கண்ணாடியில் விழுந்தால் சிப்பே ஏமாந்து, ‘இந்த இடத்தில் விரல்’ என்று சொல்லக்கூடும். அது பொய்த் தொடுகை. பொய் இன்டரப்ட்டில் பெல் அடிக்கும், கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. சிப்பைக் கேட்டால், ‘நான் கூப்பிடவே இல்லையே’ என்னும்.

ஜோகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் இடத்தில், கிடங்கு ஊழியர்களுக்கான ஒரு கையடக்கக் கருவியில் இதுதான் நடந்தது. ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தாங்க வேண்டிய பேட்டரி மத்தியானத்துக்குள் காலி. கருவியை மேசைமேல் வைத்து, யாரும் தொடாமல், இன்டரப்ட் கணக்கைப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் டிரைவர் கெர்னலுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ‘கவனித்துவிட்டேன்’, அல்லது ‘இது என்னுடையது இல்லை’. கெர்னல் இதை எண்ணுகிறது. 100,000 அழைப்புகளில் 99,900-க்கும் மேல் யாரும் ஏற்காதவை என்றால் அந்த இன்டரப்ட்டையே மூடிவிடும். அதே சமயம் அதற்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு. ஏற்கப்படாத இரண்டு அழைப்புகளுக்கு நடுவே விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால், பழைய கணக்கை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கும். எப்போதாவது நேரும் தடுமாற்றத்தை அது குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் கருவியில் அந்தச் செய்தி வரவே இல்லை. காரணம், எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய டிரைவர், சிப்பில் புதுத் தகவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘கவனித்துவிட்டேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கெர்னலின் கணக்கில் எல்லாம் சுபம். பேட்டரி மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

நான் அதை மாற்றினேன். சிப்பின் நிலையைப் படி. புதிதாக ஒன்றும் இல்லையென்றால் ‘என்னுடையது இல்லை’ என்று சொல். இரண்டு நிமிஷத்துக்குள் கெர்னல் இன்டரப்ட்டை மூடியது. திரை செத்தது.

“முன்னாடி டச்சாவது வேல செஞ்சுச்சு. இப்ப அதுவும் போச்சு. பழையபடி மாத்திடு தம்பி, அடுத்த வாரம் டெலிவரி,” என்றார் எங்கள் சூப்பர்வைசர் அண்ணன்.

“மாத்தலாம்ணே. ஆனா இப்பதான் எங்க வலிக்குதுன்னு சொல்லுது. ஒரு நாள் குடுங்க.”

கொடுத்தார். ஆஸிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தோம். அந்தக் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1 மெகா ஓம் இருந்தது. பிடி தளர்ந்த கம்பி, பக்கத்தில் ஓடும் பேக்லைட் சுற்றின் இரைச்சலுக்கெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து காசு பெறாத பொருள். மாற்றியதும் பெல் ஓய்ந்தது.

இந்த வேலை முடிந்த பிறகும் அந்த இரண்டு பதில்கள் என்னை விடவில்லை. என் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், சுதந்திரத்துக்கு முன்னால் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. கையில் இன்னும் சிவப்பு ஐசிதான். இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர், இந்த நாட்டின் நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. நீல ஐசிக்காக அவர் ஏறி இறங்காத படி இல்லை.

அங்கேயும் இரண்டு பதில்கள்தான். ஒன்று, ‘இது எங்க கவுண்ட்டர் இல்ல’. இதைக் கேட்டு எனக்குச் சின்ன வயதில் கோபம் வரும். இப்போது அதில் பெரிய தப்பு தெரியவில்லை. டிரைவரும் அதைத்தானே சொல்கிறது? ஆனால் டிரைவர் சொன்னதை எண்ணிவைக்க ஒரு கெர்னல் இருக்கிறது. பாட்டி இத்தனை தடவை வந்தார், இத்தனை தடவை ‘எங்களுடையது இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டார் என்று எண்ணிவைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தடவைதான் வருகிறார்.

இரண்டாவது பதில், ‘சரிம்மா, பாக்குறோம், நீங்க போங்க’. பாட்டிக்கு இதுதான் பிடிக்கும். “நல்ல பிள்ளை, தன்மையா பேசுச்சு” என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு இப்போது பயம் தருவது இந்தப் பதில்தான். ‘கவனித்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்ன பிறகு வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை.

போன வருஷம் அம்மாவுக்கு ஒரு 555 புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், மளிகைக்கடைக் கடன் எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். தேதி, கவுண்ட்டர் எண், சொன்ன பதில். அம்மா உருண்டை உருண்டையான எழுத்தில் இதுவரை பதினொரு வரி எழுதியிருக்கிறார்.