பரீட்சைக்கு வராத ஒன்பது புத்தகங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

விடுமுறை தொடங்கினால் "ஸேர், பிள்ளைக்கு வாசிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களே" என்று கேட்பவர்கள் எமது ஊரில் அதிகம். அல்ஹம்துலில்லாஹ், கேட்பதே சந்தோசம். பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, அல்லது ஆங்கில இலக்கண நூல். இம்முறை நாங்கள் சொல்லப்போவது வேறு. றொக் இசைக்காரர்களின் சுயசரிதை, வயது போன பிறகு வாத்தியம் பழகியவர்களின் கதை, மலை ஏறியவர்களின் கதை. இவற்றில் ஒன்றுகூட எந்தப் பரீட்சைக்கும் வராது.

நாங்கள் என்றால், ஆசிரியர் அறையில் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் மூன்று பேர். ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், ஒருவர் ஆங்கிலம். மூவரில் எவருக்கும் கிற்றாரில் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. மூவரும் ஏறிய அதிகூடிய உயரம் பாவா ஆதம் மலை, 2,243 மீற்றர். எவரெஸ்ட் 8,848 மீற்றர் என்பதை நினைவில் கொள்ளவும்.

பிறகு ஏன் இந்தப் புத்தகங்கள்? வகுப்பறையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு சொல்தான் காரணம். "ஏறாது." கணிதத்தில் இரண்டு தவணை குறைந்த புள்ளி எடுத்த 14 வயதுப் பிள்ளை, "எனக்கு கணக்கு ஏறாது ஸேர்" என்கிறது. பெற்றார் கூட்டத்துக்கு வந்த ஓர் உம்மா, படிவத்தில் கையெழுத்து வைக்கக் கூச்சப்பட்டு, "எங்களுக்கெல்லாம் இனி எங்க ஏறப்போகுது" என்கிறார். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பதினான்கு வயதிலும் முப்பத்தைந்து வயதிலும் ஒரே கதவு மூடப்படுகிறது. மூடியது யார் என்று கேட்டால், பாதி நாங்கள், ஆசிரியர் சமூகம். பாதி நீங்கள், பெற்றோர்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இசைக்கருவி பற்றி எமது சமூகத்தில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்கான இடம் இதுவல்ல, தீர்ப்புச் சொல்ல நாங்கள் உலமாக்களும் அல்ல. இந்தப் புத்தகங்களில் எங்களை இழுத்தது பாட்டு அல்ல. ஒரு மனிதன் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளும் விதம்தான் இழுத்தது. அந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

முதல் மூன்று: வயது போன பிறகு பழகியவர்கள்

ஜோன் ஹோல்ட் எழுதிய 'நெவர் டூ லேட்' (1978). 'ஒருபோதும் தாமதமில்லை' என்பதுதான் பெயரின் பொருள். ஹோல்ட் அமெரிக்க ஆசிரியர், எங்களைப் போல வகுப்பறையில் நின்றவர். பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்பது பற்றி 1964 இல் அவர் எழுதிய புத்தகம் கல்வி உலகில் பெயர் பெற்றது. அறிவு இல்லாததால் அல்ல, பயத்தாலும் சலிப்பாலும் குழப்பத்தாலும்தான் பிள்ளைகள் தோற்கிறார்கள் என்று அதில் சொன்னார். பிறகு தன்னையே மாணவனாக்கிப் பார்த்தார். நாற்பதாவது வயதில் செலோ பழகத் தொடங்கினார். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம் அது. சிறு வயதில் தொடங்காதவனுக்கு இசை வராது என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். கற்பிப்பவர் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கினால், பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் முகம் அவருக்குப் புரியத் தொடங்கும்.

கேரி மார்கஸ் எழுதிய 'கிற்றார் ஸீரோ' (2012). இவர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். தாளம் துளியும் பிடிபடாதவர் என்று தன்னைப் பற்றி அவரே சொல்கிறார். நாற்பதை நெருங்கும்போது கிற்றாரைக் கையில் எடுத்தார். சிறுவர்களுக்கான கோடை முகாமில் சேர்ந்து, தன் பிள்ளை வயதுச் சிறுவர்களோடு ஒரே குழுவில் வாசித்தார். ஒரு பேராசிரியர் அப்படி உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள். மூளைக்குக் கற்கும் ஜன்னல் சிறு வயதோடு மூடிவிடும் என்ற கருத்துக்கு, நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று காட்டுகிறார். பெரியவர்களுக்கு மெதுவாக வரும், ஆனால் வரும்.

அலன் ரஸ்பிரிட்ஜர் எழுதிய 'ப்ளே இட் அகெய்ன்' (2013). இவர் 'கார்டியன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஷோப்பின் என்ற மேதை இயற்றிய மிகக் கடினமான ஒரு பியானோ இசையைப் பழகிவிடுவது என்று முடிவு செய்தார். அந்தக் காலத்தில்தான் விக்கிலீக்ஸ் ஆவணங்களும் தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரமும் அவருடைய மேசைக்கு வந்தன. உலகமே தலையில் விழுந்திருந்த நேரத்தில், வேலைக்குப் போகுமுன் 20 நிமிடம் பழகினார். "நேரமே இல்லை" என்று சொல்லும் எங்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தகம் பதில்.

அடுத்த இரண்டு: றொக் இசைக்காரர்கள்

பொப் டிலானின் 'குரோனிக்கிள்ஸ்' முதலாம் பாகம் (2004). 2016 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே டிலான். 19 வயதில், 1961 இல், நியூயோர்க் நகரத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்து கதை நகர்கிறது. புகழின் கதையை எதிர்பார்த்துத் திறந்தால் ஒரு மாணவனின் கதைதான் இருக்கும். தங்கிய வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் வாசிக்கிறார். நகரத்தின் பொது நூலகத்துக்குப் போய், நூறு வருடங்களுக்கு முந்திய பத்திரிகைகளைப் படச்சுருளில் தேடித்தேடிப் பார்க்கிறார். ஒரு பாட்டுப் பிடித்தால், மெக்கானிக் எஞ்சினைக் கழற்றுவது போலக் கழற்றி, எது எங்கே பொருந்துகிறது என்று பார்க்கிறார். வாசிகசாலைக்குப் போகச் சொல்லி பிள்ளைகளிடம் நாங்கள் ஆயிரம் தடவை சொல்வதை விட, இந்த ஒரு பகுதி பலமாகச் சொல்கிறது.

கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' (2010). 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் கிற்றார்காரர். எச்சரிக்கை: போதைப்பொருள் உட்பட அவருடைய வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகம் அல்ல, பெரியவர்களுக்கு மட்டும். ஆனால் முற்பகுதியில் வரும் பாட்டனார் ஒருவருக்காகவே வாசிக்கலாம். பேரனின் கண்ணில் படும்படி ஒரு கிற்றாரை வைத்துவிட்டு, தொடு என்றும் சொல்லாமல், தொடாதே என்றும் சொல்லாமல் இருந்தார் அந்த மனிதர். ஆசை தானாக முளைக்கும்வரை பொறுத்திருந்தார். எங்கள் வீடுகளில் கிற்றாருக்குப் பதிலாக ஒரு புத்தகம், ஓர் உலக வரைபடம், ஒரு பெட்டி ஆயுதச் சாமான் அப்படிக் கண்ணில் படும்படி கிடக்கட்டும். "எடுத்துப் படி" என்று ஒரு தடவையும் சொல்லாதீர்கள். கஷ்டம்தான், முயன்று பாருங்கள்.

கடைசி நான்கு: மலை

ஜோன் கிராக்கவர் எழுதிய 'இன்டு தின் எயார்' (1997). 1996 மே 10 ஆம் திகதி எவரெஸ்டில் வீசிய புயலில் எட்டுப் பேர் மரணித்தார்கள். பத்திரிகைக்கு எழுதப் போய், அன்று உச்சியைத் தொட்டு உயிரோடு இறங்கியவர் எழுதிய புத்தகம். எவரெஸ்டில் திரும்பும் நேரம் என்று ஒன்று உண்டு. பிற்பகல் 2 மணி என்றால் 2 மணி. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இறங்கும் வழிக்கும் வெளிச்சமும் ஒக்சிசனும் வேண்டுமே. அன்று பலர் அந்த நேரத்தைத் தாண்டியும் மேலே போனார்கள். அதே குழுவில் மூன்று பேர், முற்பகல் 11.30 அளவில் மேலே நெரிசலைப் பார்த்து, நேரம் போதாது என்று கணக்குப் பார்த்துத் திரும்பினார்கள். மூவரும் உயிரோடு வீடு போனார்கள்.

இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப அவங்க மூணு பேரும் தோத்தவங்களா ஸேர்?" வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பாடவேளை முழுவதும் வாதம். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

அந்தக் கேள்விக்கு எமது நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2016 மே 21 இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால, ஒரு பெண். அவரோடு போன ஜொஹான் பீரிஸ், ஏறக்குறைய 8,400 மீற்றரில் ஒக்சிசன் பிரச்சினையால் திரும்பிவிட்டார். இன்னும் 400 மீற்றர் சொச்சம்தான் இருந்தது. 2018 இல் மறுபடி போனார், உச்சியைத் தொட்டார். முதல் தடவை திரும்பியிருக்காவிட்டால் இரண்டாம் தடவை என்ற ஒன்றே இருந்திருக்காது. சாதாரண தரத்தில் ஒரு பாடம் போய்விட்டது என்று அறையைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

கிராக்கவரை வாசித்தால் அனடோலி புக்ரீவ் எழுதிய 'தி கிளைம்ப்' (1997) புத்தகத்தையும் வாசிப்பது நீதி. புக்ரீவ் அன்று அங்கே வழிகாட்டியாக இருந்தவர். தன் குழுவினருக்கு முன்னரே இறங்கிவிட்டார், ஒக்சிசன் போத்தல் இல்லாமல் ஏறினார் என்று கிராக்கவர் அவரை விமர்சிக்கிறார். அதே மனிதர்தான் அன்றிரவு புயலுக்குள் தனியாகப் போய் மூன்று பேரை மீட்டு வந்தார். இரண்டு பேரும் அங்கே இருந்தவர்கள், இரண்டு பேரும் ஒரே நாளைத்தான் சொல்கிறார்கள். வட்ஸ்அப்பில் வரும் ஒரு குரல் பதிவைக் கேட்டு ஒரு குடும்பத்தையே தீர்த்துக்கட்டும் காலத்தில், ஒரு சம்பவத்தை இரண்டு பக்கமும் கேட்டுப் பழக இதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குத் தெரியாது.

டென்சிங் நோர்கேயின் சுயசரிதை 'மேன் ஒப் எவரெஸ்ட்' (1955). எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் புத்தகம் இது. பல மொழி பேசுவார், ஆனால் எழுத்து வராது. அவர் சொல்லச் சொல்ல ஜேம்ஸ் ராம்சே உல்மன் என்பவர் எழுதினார். 1935 இல் சுமை தூக்குபவராக எவரெஸ்டுக்குப் போனவர், 1953 மே 29 இல் எட்மண்ட் ஹிலரியோடு உச்சியில் நின்றார். அது அவருடைய ஏழாவது பயணம். முதலில் கால் வைத்தது யார் என்று உலகம் அவரை விடாமல் கேட்டது. தனக்குப் பெருமை சேரும்படி சொல்ல வாய்ப்பு இருந்தும், ஹிலரிதான் ஓர் அடி முன்னால் என்று இந்தப் புத்தகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். கையெழுத்துக்குக் கூச்சப்பட்ட அந்த உம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். "அவருக்கும் எழுதத் தெரியாதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒன்பதாவது, எமது சொந்த மலையின் புத்தகம். இப்னு பதூதாவின் பயணநூல். 1344 இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் கரையேறி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதம் மலை ஏற உதவி கேட்டார். மன்னர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார். வழி தெரிந்த நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் அவரோடு போனார்கள். பாறையில் வெட்டிய படிகளையும், பிடித்து ஏற மாட்டிய சங்கிலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கடைசிச் சங்கிலிக்கு கலிமாவின் பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் கலிமா சொல்வாராம். அட்டை கடித்தால் தேசிக்காய் பிழிந்ததைக்கூட விடவில்லை. ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன் ஒரு முஸ்லிம் பயணிக்கு இந்த நாட்டு மலையில் வழி காட்டியவர்கள் யார் என்பதைப் பிள்ளைகள் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். இதுவும் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய புத்தகம்தான்.

நடைமுறை விடயம். இவற்றை நாங்கள் வாசித்தது ஆங்கிலத்தில். தொடங்குவதற்கு இலகுவானது கிராக்கவர், கதை இழுத்துக்கொண்டு போகும். உயர்தர மாணவர்கள் அகராதியோடு ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று போகலாம். இப்னு பதூதாவுக்கு கிப் மொழிபெயர்த்த ஆங்கிலத் தெரிவு நல்லது. ஆங்கிலம் கஷ்டம் என்பவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைக்கு வாருங்கள். ஒரு வாரம் ஒரு புத்தகம் என்று கதையாகத் தமிழில் சொல்ல மூவரும் தயார், இன்ஷா அல்லாஹ். உம்மாமார், வாப்பாமார், கடை நானாமார் எல்லோரும் வரலாம். கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை.

பதிவுப் புத்தகம் ஒன்று மட்டும் வைப்போம். எழுதத் தெரிந்தவர்கள் பெயரை எழுதுங்கள். தெரியாதவர்கள் பேனையைக் கொண்டு வாருங்கள், முதல் எழுத்திலிருந்து அங்கேயே தொடங்குவோம்.