காஞ்சிக் கழனிகளில் எலி வேட்டை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக் கடைகளின் ஷட்டர் ஏறுவதற்கு முன்பே, ஊருக்கு வெளியே ஒரு வேலை பாதி முடிந்திருக்கும். உத்திரமேரூர் பக்கமோ வாலாஜாபாத் பக்கமோ, அறுவடை முடிந்த கழனிகளில் நாலைந்து பேர் வரப்பையே பார்த்தபடி நடந்துபோவார்கள். கையில் கடப்பாரை, அடியில் ஓட்டை போட்ட மண்சட்டி, கொஞ்சம் வைக்கோல். மதியச் சாப்பாட்டுக்குக் கறி தேடிப் போகும் இருளர் குடும்பம் அது. கறி என்றால், வயல் எலி.

முகம் சுளிக்க வேண்டாம். சாக்கடையில் ஓடும் எலி வேறு, இது வேறு. கரம்பை எலி, வெள்ளெலி, புல் எலி எனக் கழனியிலேயே பிறந்து, நெல்லும் புல்லும் தின்று வளரும் ரகங்கள் இவை. ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் இந்த வட்டாரத்தில் இவற்றுக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை.

வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியைத் தேடி வருகிறவர்கள் இந்தச் சமையலைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால், வேட்டைக் கறி சமைப்பதைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பிரபலமான காட்சியை எழுதியவர் இந்த மாவட்டத்துக்காரர்தான்: குன்றத்தூர் சேக்கிழார். 12-ம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில், கண்ணப்பர் பன்றியை வேட்டையாடித் தீயில் வாட்டுகிறார். பதம் பார்க்க ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு மென்று, நன்றாக வெந்ததை மட்டும் சிவனுக்கு எடுத்து வைக்கிறார். எச்சில் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. சாப்பிடப் போகிறவருக்குக் கறி பக்குவமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே கண்ணப்பர் இன்றைக்கு வில்லோடு கிளம்பினால் வழக்குதான். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கௌதாரி, காட்டுப்பன்றி எதையும் வேட்டையாடக் கூடாது. உடும்பைப் பிடித்தால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. காஞ்சியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் வேடந்தாங்கல் இன்னும் ஒரு படி மேல். பெயரிலேயே வேடனை வைத்திருக்கும் அந்த ஊர் மக்கள், ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதைக் கண்டு கொதித்தெழுந்து, 1798-லேயே கலெக்டரிடம் தடை உத்தரவு வாங்கிவிட்டார்கள்.

இந்தச் சட்டம் இருளர்களின் பிழைப்பையும் புரட்டிப்போட்டது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோனது. 1978-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போருக்கான கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைக் கொல்லாமல் விஷம் மட்டும் எடுக்கும் தொழிலுக்கு வழி பிறந்தது. ஆனால், அதில் எல்லோருக்கும் இடம் கிடைக்குமா? மற்றவர்களுக்குச் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு. முன்பணம் வாங்கிவிட்டு மீள முடியாமல் போனவர்கள் பலர். சட்டத்தின் பட்டியலுக்குள் வராமல் அவர்கள் சட்டிக்குள் வரும் வேட்டைக் கறி என்று பார்த்தால், வயல் எலிதான்.

பிடிப்பது லேசான வேலை இல்லை. வளை வாயில் புதுமண் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வளைக்குப் பல வாசல்கள் உண்டு. எல்லாவற்றையும் தேடிக் களிமண்ணால் அடைத்துவிட்டு, ஒரு வாசலில் மட்டும் வைக்கோல் கனியும் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அடி ஓட்டை வழியாக வாயால் ஊதுவார்கள். புகை உள்ளே போக, எலி மயங்கும். பிறகு கடப்பாரையால் வெட்டிக்கொண்டே போய்க் கையால் எடுக்க வேண்டும். சில நேரம் எலிக்குப் பதிலாக நல்ல பாம்பு இருக்கும். ஊதுகிறவருக்குப் புகையும் சூடும் நேராக முகத்தில் அடிக்கும். இதற்காகவே 2000-களின் தொடக்கத்தில் திருவள்ளூர் பக்கம், கையால் சுற்றிப் புகை போடும் இரும்புக் கருவியை ஒரு தொண்டு நிறுவனம் செய்து கொடுத்தது.

கழனியில் கால் வைக்கும் முன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, மருந்து வெச்சிருக்கீங்களா?”

உயிர் போகிற கேள்வி இது. துத்தநாக பாஸ்பைடு தின்ற எலி சில மணி நேரத்தில் செத்துவிடும். புரோமாடயலோன் அப்படியல்ல. தின்ற எலி மூன்று நாளைக்கு மேலும் ஓடியாடிக்கொண்டிருக்கும், பார்வைக்கு நல்ல எலி போலவே. மருந்து வைத்த கழனி என்றால் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான். செத்துக் கிடப்பதையும் தள்ளாடுவதையும் யாரும் தொடுவதில்லை. ஆள் வைத்து எலி பிடிப்பதைவிட மருந்து மலிவு, சுலபம் என்று விவசாயிகள் நினைக்க ஆரம்பித்த பிறகு, இருளர்கள் நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறது.

இனி சமையல். தோலை உரிப்பதில்லை. வைக்கோல் தீயில் புரட்டிப் புரட்டி முடியைப் பொசுக்கிக் கத்தியால் சுரண்டுவார்கள். கொஞ்சநஞ்சக் கொழுப்பும் தோலோடுதான் இருக்கிறது; உரித்தால் ருசி போய்விடும். பிறகு வாலையும் பாதங்களையும் நறுக்கிவிட்டு, வயிற்றைக் கீறிக் குடலை முழுசாக எடுக்க வேண்டும். குடல் கிழிந்தால் கறி நாறிவிடும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி காயம் வழியாக உடம்புக்குள் ஏறும். சமைத்த கறியில் அந்தப் பயம் இல்லை.

மஞ்சள் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் அலசி, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு வதக்கி, மிளகும் மல்லியும் அரைத்து ஊற்றினால் குழம்பு. மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். எலும்பு மெல்லியது, கறி அதைவிட்டுக் கழன்று வரும்வரை கொதிக்கட்டும். குழம்பு வைக்க நேரமில்லாதவர்கள் உப்பும் மஞ்சளும் தடவித் தணலில் சுட்டே தின்றுவிடுவார்கள். முயல் கறி மாதிரி இருக்கும் என்பார்கள்.

இந்தக் குழம்புக்குச் சோறும் பெரும்பாலும் அதே வளையிலிருந்துதான். எலி இழுத்துப்போய்ச் சேர்த்து வைத்த நெற்கதிர்கள் வளையின் கோடியில் அடைந்து கிடக்கும். நல்ல வளை என்றால் படிக்கணக்கில்கூடத் தேறும். வெட்டி எடுத்தவருக்கே அந்த நெல் சொந்தம், கழனிக்காரர் கேட்பதில்லை. மண்ணைப் புடைத்து எடுத்து, வெயிலில் காய வைத்து, உரலில் குத்தி உலையில் போடுவார்கள்.