பத்தாவது மனிதர்



ஒரகடம் தொழிற்சாலையில் பணி முடித்து, ஸ்ரீபெரும்புதூர் அறையில் சற்றே சாய்ந்திருக்கும் வேளையில் இஷா பாங்கு ஒலிக்கும். "அறையிலேயே தொழுதுகொள்வோம், நான் இல்லாவிடினும் ஜமாஅத் நடக்கும்" என்றிருந்துவிடுவேன். பல மாதங்கள் இவ்வாறே கழிந்தன.

உறவினர் நிக்காஹ்விற்காகக் கொச்சி சென்றபோது, மட்டாஞ்சேரியிலுள்ள யூதர்களின் தொழுமிடத்தைக் கண்டேன். 1568இல் எழுப்பப்பட்டது. நம் பள்ளியைப் போன்றே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அங்கே என்னை உலுக்கியது கட்டடமன்று; அவர்களின் ஒரு நியதி. வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் தவ்ராத் சுருளைச் சபையில் ஓதலாம். பெற்றோரை இழந்த மகன் அவர்களுக்காக ஓதும் துதிக்கும் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் வந்து காத்திருந்தாலும் போதாது! செல்வந்தரும் ஒருவரே, கூலியாளும் ஒருவரே.

1948இல் இஸ்ரேல் உருவான பின்னர் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோர் பத்துக்கும் குறைந்தனர். வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணியரைச் சேர்த்தே எண்ணிக்கையை நிறைவு செய்யும் நிலை ஏற்பட்டது. நமக்கோ, இமாமுடன் ஒருவர் நின்றாலே ஜமாஅத். அந்தச் சலுகையை நான் எதற்குப் பயன்படுத்தினேன்?

ஊர் திரும்பிய இரவே இஷாவிற்குச் சென்றேன். ஒன்றரை ஸஃப்பு நின்றிருந்தது. ஸலாம் கொடுத்ததும் பக்கத்திலிருந்த பெரியவர் என் கையைப் பற்றினார்.

"இத்தனை மாதமாக ஊரில் இல்லையா, தம்பி?"