“மாத்தத்தான் வேணும்”

“இதை மாத்தத்தான் வேணும்” என்ற வாக்கியத்தைக் கராஜ் வாசலில் நின்று கேளாத வாகன உரிமையாளர் எம்மிடையே அரியர். கேட்டதும் அவர் உள்ளத்தில் எழும் முதல் வினா ‘என்ன பழுது?’ என்பதன்று, ‘இவன் சொல்வது மெய்யா?’ என்பதே. வைத்தியரிடத்தும் சட்டத்தரணியிடத்தும் இத்துணை விரைவில் நாம் ஐயங்கொள்வதில்லை. அவர்களுக்குப் பட்டமும் அங்கியும் உண்டு. எண்ணெய் படிந்த உடுப்போடு நிற்பவரை நம்புவதற்கு எமது சமூகம் எம்மைப் பழக்கவில்லை. இந்த ஐயத்திலே வர்க்கச் செருக்கும் ஒரு பங்கு கலந்திருக்கின்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று.

ஆயினும் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பழைய கார்ச் சந்தை பற்றி ஜோர்ஜ் அக்கெர்லொவ் 1970இல் எழுதிய கட்டுரையைப் பொருளியல் பயில்வோர் அறிவர். விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியாதவிடத்துச் சந்தை எவ்வாறு கெடுகின்றது என்பதை அது காட்டிற்று. 1973இல் டார்பி, கார்னி என்னும் இருவர் இதனினும் கடினமான ஒரு நிலையை ஆராய்ந்தனர். பழைய காரை வாங்கியவன் சில மாதம் ஓடிய பின்னராயினும் அதன் குணத்தை அறிவான். திருத்தவேலையிலோ, வாகனம் நன்றாக ஓடத் தொடங்கிய பின்னரும், கழற்றிய பொருள் கழற்றப்படவேண்டியதுதானா என்பது அவனுக்குத் தெரியவராது. நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்கின்றார். 1992இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு, இரகசியமாக வாகனங்களை அனுப்பிச் சோதித்த பின்னர், சியர்ஸ் நிறுவனத்தின் கார் திருத்தும் நிலையங்கள்மீது தேவையற்ற வேலைகளைச் செய்வித்ததாகக் குற்றஞ்சாட்டியது. அங்கே ஊழியரின் வருமானம் விற்பனையோடு பிணைக்கப்பட்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவ்வாக்கியம் பழையதொன்றன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடின. மாற்றுவதற்குச் சாமான் இல்லாத காலம் அது. தேய்ந்ததை லேத்திலே கடைந்து மீளப் பொருத்தினர். 2002இல் ஏ9 வீதி திறந்து, 2006இல் மூடி, 2009இன் பின்னர் மீளவும் திறந்தபோதுதான் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகங்கள் தாராளமாக வந்துசேர்ந்தன. பின்னர் வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவும் வீழ்ந்தது. தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை பழைய வாகனமே பெருஞ்செல்வமாயிற்று. அதற்கான சாமானின் விலையோ ஏறிக்கொண்டே சென்றது. மெக்கானிக்கின் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் ஆண்டு வரவுசெலவைக் குலைக்கவல்லதாக மாறியது இவ்வாறுதான்.

எமது வீட்டு அடுப்பு ஒரு பாடசாலை வானால் எரிகின்றது. ‘டொல்பின்’ என இங்கு வழங்கும் பழைய டொயோட்டா ஹயேஸ், டீசல் வாகனம். தந்தையார் அதிலே நாள்தோறும் பதினாறு பிள்ளைகளை ஏற்றிச்செல்கின்றார். சென்ற ஆண்டு முன்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்க, நகரிலுள்ள கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசென்றார். நான்கு போல் ஜொயின்ற், இரண்டு ஷொக் அப்சோபர், இரண்டு பிறேக் டிஸ்க், ரைமிங் பெல்ற், அதனோடு சேர்ந்த பெயாரிங்குகள் என ஒரு பட்டியல் எழுதித் தரப்பட்டது. தொகை இரண்டு இலட்சம் ரூபாவைத் தாண்டிற்று. அம்மாவின் சங்கிலியை அடகுவைக்கலாம். அது புதிய அனுபவமன்று. எம்மை உறங்கவிடாதது வேறொன்று. பட்டியலைப் பொய்யெனத் தள்ளிவிட்டு, அது மெய்யாகிவிட்டால்? போல் ஜொயின்ற் கழன்றால் ஓடும் வாகனத்தின் சக்கரம் மடிந்துவிடும்.

எமது ஊரிலே தடைக்காலத்தில் வேலைசெய்து, இப்போது ஓய்ந்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவர் உளர். தந்தையார் பட்டியலை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாசித்துவிட்டுக் கராஜ்காரரை ஏசுவார் என எதிர்பார்த்தேன். ஏசவில்லை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் அடியிலே ஜக்கை வைத்து உயர்த்தினார். வாகனத்தின் உடலில் வைத்து உயர்த்தினால் இவ்வகை வாகனங்களில் ஜொயின்றின் மீதுள்ள இழுவிசை நீங்காது, தேய்வு ஒளிந்துகொள்ளும் என்றார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது அது ஆடிற்று. “தம்பி, ஏறி இருந்து பிறேக்கை மிதி” என்றார். மிதித்தேன். இடப்பக்கச் சக்கரத்தின் ஆட்டம் நின்றுவிட்டது. வலப்பக்கத்தில் அதே சோதனையைச் செய்தபோது நிற்கவில்லை.

இதன் பொருளை அவர் விளக்கியவிதம் எமது விரிவுரை மண்டபங்களுக்கு ஏற்றது. பிறேக் பிடிக்கும்போது சக்கரமும் அதன் அச்சும் ஒன்றாக இறுகுகின்றன. ஆகவே அப்போது நின்றுவிடும் ஆட்டம் வீல் பெயாரிங்கினது, நில்லாதது ஜொயின்றினது. இடப்பக்கத்திற்கு வேண்டியது பெயாரிங்கின் நட்டை அளவாக இறுக்குவது மாத்திரமே. வலப்பக்கக் கீழ் ஜொயின்ற் உண்மையாகவே தேய்ந்திருந்தது.

டிஸ்க்கின் கதை வேறு. எந்தத் தடிப்புக்குக் கீழே அது பயன்படாது என்பது அந்த இரும்பிலேயே எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கல்வெட்டுக்கு அலைந்து திரியும் எம்மவர் கண்ணில் இந்தச் சாசனம் பட்டதில்லை. அவர் துருவைத் துடைத்து அதை எனக்கு வாசிக்கக் காட்டினார். அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விளிம்பிலே தேயாத மேடொன்று நிற்கும். வேணியர் இடுக்கிமானியை அம்மேட்டின்மேல் வைத்தால் அளவு பொய்யாகும். மேட்டைத் தவிர்த்து அளந்தபோது டிஸ்க் இரண்டும் எல்லைக்கு மேலேயே இருந்தன. ஷொக் அப்சோபரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே, வடியவில்லை.

எனக்குப் பட்டியலில் மிகப் பெரிய ஏமாற்றாகத் தோன்றியது ரைமிங் பெல்ற்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தால் வெடிப்பில்லை, கிழிவில்லை. முதியவரோ அதைத்தான் உடனே மாற்றச் சொன்னார். அதன் ஆயுள் கண்ணுக்குத் தெரிவதன்று. ஓடிய தூரத்தால் கணிப்பது. எமது வானின் ஓட்டத்தைக் காட்டும் மானி எப்போதோ ஓய்ந்துவிட்டது. கடைசியாக மாற்றிய காலமும் தெரியாது. பெல்ற் அறுந்தால் பிஸ்டன் வால்வை மோதும், எஞ்சினே போகும். அதனோடு பெயாரிங்குகளையும் சேர்த்து மாற்றச் சொன்னது பேராசையெனத் தோன்றினும் நேர்மையானதே. பின்னர் ஒரு பெயாரிங் இறுகினால் புதிய பெல்ற்றும் போகும். கூலியும் மறுபடி முழுதாகக் கொடுக்கவேண்டும்.

ஆகவே பட்டியலில் பாதி சரி, பாதி பிழை. கராஜ்காரர் பொய்யரா? விடையை மாத்திரம் வைத்து இதைத் தீர்க்கவியலாது. ஏமாற்றுபவர் சொன்னதும் சரியாகலாம். நேர்மையானவர் அவசரத்தில் பிழைவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வாகனமென்று அஞ்சி நான்கையும் மாற்றச் சொல்பவரும் உண்டு. நான் நோக்கவேண்டியதெனக் கருதுவது, சொன்னவர் எந்தச் சோதனையால் அம்முடிவுக்கு வந்தார், அதனை எம் கைகளால் செய்துபார்க்க விடுவாரா, இன்று மாற்றாவிடில் என்று, எது நேரும் எனச் சொல்வாரா என்பனவற்றையே.

இங்கு எம்மவர் பக்கத்திலும் ஒரு வினா எழுகின்றது. ஒரு மணிநேரம் வாகனத்தின் கீழே கிடந்து ஆராய்ந்துவிட்டு “ஒண்டும் மாத்தத் தேவையில்லை” என்று சொல்பவருக்கு நாம் என்ன கொடுக்கின்றோம்? “பார்த்ததுக்கும் காசா?” என்கின்றோம். சாமானுக்குப் பணமுண்டு, அறிவுக்கில்லை. அறிவு தன் கூலியைப் பெறுவதற்குச் சாமானுக்குள்ளே ஒளிந்து வரவேண்டியிருக்கின்றது. கலிபோர்னியாவில் நிறுவனம் ஏற்படுத்திய பிணைப்பை இங்கே வாடிக்கையாளராகிய நாமே ஏற்படுத்தி வைத்திருக்கின்றோம். தந்தையார் முதியவருக்குப் பணம் நீட்டியபோது, அவரும் அதே வழக்கத்திலே ஊறியவராதலால், “பாத்ததுக்கு என்ன காசு, தம்பி?” என்று கையை இழுத்துக்கொண்டார். தந்தையார் அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தார்.

வேலையை அதே கராஜிலேதான் செய்வித்தோம். பெல்ற் மாற்றும் கருவிகள் அங்கேதான் இருந்தன. தந்தையார் புதிய பட்டியலை நீட்டி, “தம்பி, பார்க்கிறதுக்கும் கூலி தாறன், இன்னொருக்காப் பாருங்கோ” என்றார். கராஜ்காரர் அதை வாசித்தார். “ஆர் அண்ணை பாத்தது?” என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் வேறொன்றும் பேசாமல், ஜக்கைக் கீழ்க்கையின் அடியிலே தள்ளிவிட்டு, உள்ளே நின்ற பையனைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிக் கூப்பிட்டார்.