அருகும் கோரையும்

களை என்பது தாவரவியல் வகைப்பாட்டில் உள்ள பெயர் அன்று. எந்தக் குடும்பத்தையும் எந்தப் பேரினத்தையும் அது குறிப்பதில்லை. வேண்டாத இடத்தில் முளைத்தது களை, அவ்வளவுதான். யாருக்கு வேண்டாதது என்ற கேள்விக்கு மட்டும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விடை மாறும்.

புறநானூற்றின் 61ஆம் பாடலில் கடைசியர் என்னும் மருதநிலத்து உழவர் குலப் பெண்கள் வயலில் களை பறிக்கிறார்கள். அவர்கள் பறிப்பது நெய்தலையும் ஆம்பலையும். வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு திணைக்கே பெயர் தந்த பூ, காதலியின் கண்ணுக்கு உவமையான பூ, நெல்லுக்கு நடுவே நின்றால் களை. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்திலும் களையெடுப்பு வருகிறது. கொடியவர்களைத் தண்டிப்பது பயிரைக் காக்கக் களையெடுப்பது போன்றது என்று அரசனுக்குச் சொல்லப்படுகிறது. ஆக, உவமையில் களையெடுப்பவன் அரசன். வயலில் களையெடுப்பவள் கடைசி. இரண்டையும் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை என் வீட்டு வாசலில்தான் அளந்து பார்க்க முடிந்தது.

திருச்சிக்கு வெளியே, வயலாக இருந்து மனைகளாகப் பிரிந்த இடத்தில் எங்கள் வீடு. ஒவ்வொரு வீட்டு முன்பும் புல்தரை இருக்க வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. எங்கள் பங்குக்கு முப்பதுக்கு இருபது அடி. நர்சரியிலிருந்து பெர்முடா புல்லைச் சதுர அடிக் கணக்கில் வாங்கி வந்து பதித்தோம். அப்பா இறந்தபின் அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்து ஊரை விட்டு எங்களோடு வந்துவிட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து ஐம்பத்தெட்டு வயதுவரை கூலிக்குக் களையெடுத்தவர். வந்த மறுநாள் வாசலில் குனிந்து ஒரு கணுவைக் கிள்ளிப் பார்த்தார்.

“இது அருகு, பாப்பா. இதப் புடுங்கத்தான் எங்களக் கூப்புடுவாங்க. நடுறதுக்கா காசு குடுத்தீங்க?”

அம்மா சொன்னது சரி. பெர்முடா புல் என்று விற்கப்படுவது அருகம்புல்தான்; இலை நுண்மையான, நெருங்கிப் படரும் வகைகளையும் கலப்பினங்களையும் பொறுக்கியெடுத்துப் புல்தரைக்கு வளர்க்கிறார்கள். 1977இல் லீராய் ஹோம் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய சகாக்களும் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதில் முதல் இடம் கோரைக்கு. இரண்டாம் இடம் அருகுக்கு. அப்படியென்றால் எங்கள் வாசலில் நடப்பது உலகின் முதல் களைக்கும் இரண்டாம் களைக்கும் இடையிலான சண்டை. இரண்டாவதற்குத் தண்ணீரும் உரமும் கொடுக்கிறோம். முதலாவதைப் பிடுங்க ஆள் வைக்கிறோம்.

அருகுக்கு நம்மிடம் கிடைத்த மரியாதை வேறு எந்தப் புல்லுக்கும் இல்லை. பிள்ளையாருக்கு அதுதான் மாலை. கல்யாண வீட்டில் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றச் சொல்லி வாழ்த்துகிறோம். வாழ்த்து இருவருக்கும் பொதுதான். ஆனால் பெயர்த்து வேறு மண்ணில் நடப்படுபவள் அவள் ஒருத்தி. மிதித்தாலும் வெட்டினாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவளிடம்தான். புல்தரைக்கு அருகைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதே குணங்கள்தான் காரணம்: மிதி தாங்கும், வெட்டு தாங்கும், உயரம் கேட்காது.

கோரை உயரம் கேட்கும். அதை அடையாளம் காணத் தண்டை விரலிடையில் உருட்டிப் பார்த்தால் போதும். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். கோரைக்கு மூன்று பட்டை. புல்லை வெட்டிய மூன்றாம் நாளே மற்ற புல்லுக்கு மேலே பளபளவென்று தலைதூக்கி நிற்கும். கத்திரி வெயிலில் அருகு வாடிச் சுருங்கும்போது அது செழித்து வளரும். ஒரு கோடை மழை விழுந்தால் கேட்கவே வேண்டாம். பாய் நெய்யும் கோரை இதன் உறவு, இது அல்ல. இதன் பலம் மண்ணுக்குள் இருக்கிறது. கறுத்த சிறு கிழங்குகள், மெல்லிய வேர்த்தண்டால் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். தலையைப் பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். சங்கிலி அறுந்ததும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் விழித்து முளைக்கும். ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வருகிறது என்று தோட்டம் வைத்திருப்பவர்கள் புலம்புவது இதனால்தான்.

இந்தக் கிழங்கை நான் முதலில் அறிந்தது வயலில் அல்ல. வயதுக்கு வந்த வருஷம், மேலுதட்டிலும் கையிலும் முடி கறுக்கத் தொடங்கியதும், பெரியம்மா நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு வாங்கி, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்துப் பூசிவிட்டார். பூசிப் பூசித் தேய்த்தால் முடி உதிரும், பிறகு முளைக்காது என்றார். எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்கள் எல்லாருக்கும் இந்தப் பூச்சு உண்டு. எதைச் செய்தாலும் முளைத்துக்கொண்டே இருக்கும் ஒரு கிழங்கை அரைத்து, இனி முளைக்காதே என்று எங்கள் உடம்புக்குச் சொன்னார்கள். அந்த வயதில் அந்த வேடிக்கை தெரியவில்லை, தோல் எரிந்தது மட்டும் தெரிந்தது. தம்பிக்கு மீசை அரும்பியபோது யாரும் எதையும் அரைக்கவில்லை. அதே முடி, வேறு வயல்.

எங்கள் குடியிருப்பில் களையெடுக்க நான்கு பெண்கள் வருவார்கள். அதில் மூத்தவரை அக்கா என்பேன்; அவர் என்னை டீச்சர் என்பார், அம்மாவைப் பெரியம்மா என்பார். நாள் முழுக்க உட்கார்ந்தெடுத்தால் 400 ரூபாய். புல் வெட்டும் இயந்திரம் ஓட்ட வரும் ஆணுக்கு அரை நாளுக்கு 800. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இல் நாட்டில் சட்டம் வந்தது. இது வேறு வேலை என்று சொல்லித்தான் எப்போதும் அதைத் தாண்டிப் போகிறார்கள். இயந்திரம் ஓட்டுவது வேலை. களையெடுப்பது பொம்பளை வேலை.

எது கடினம் என்று அம்மாவின் முட்டியைக் கேட்கலாம். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், “என்ன வேலை செஞ்சீங்க?” என்று கேட்டார். “வீட்லதான் இருந்தேன்” என்றார் அம்மா. நாற்பத்தாறு வருஷக் களையெடுப்பு அவர் வாயில் வேலையாக வரவில்லை. குனிவதும் குத்துக்காலிட்டு நகர்வதும் உடம்பை என்ன செய்யும் என்பது உலகம் அறியாத ரகசியம் அல்ல. கலிஃபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர்களின் முதுகை ஒடித்த குட்டைப்பிடிக் கொத்தை 1975இல் தடை செய்தார்கள். எங்கள் ஊர்க் களைக்கொத்தின் பிடி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதன் நீளத்தைப் பற்றி எந்தச் சட்டமும் பேசியதில்லை.

போன பங்குனியில் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. இனிக் களையெடுக்கப் பெண்கள் வேண்டாம், மாதம் ஒருமுறை மருந்து அடிக்க ஓர் ஆள் போதும், செலவு மிச்சம். என்ன மருந்து என்று கேட்டேன். புல்தரைக்கு 2,4-டி, நடைபாதை ஓரங்களுக்குக் கிளைபோசேட் என்றார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். கோரையின் இலை வாடினாலும் கிழங்கு மறுபடி முளைக்கும். ஆக நாம் யாரைக் கொல்ல மருந்து வாங்குகிறோமோ அவள் தப்பிவிடுவாள். சாவது பருப்புக்கீரை, மூக்கிரட்டை, கீழாநெல்லி. அந்த நான்கு பெண்களும் மாலையில் முந்தானையில் கட்டிக்கொண்டு போவது அவற்றைத்தான். கிளைபோசேட் கோரையைத் தாக்கும், ஆனால் அருகையும் சேர்த்துக் கருக்கும். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை உள்ளிட்ட சிலர் அதை ஏற்கவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், 2022 அக்டோபரில் நம் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைக் கையாளலாம் என்று அறிவித்தது. நம் ஆளுக்கு உரிமம் இருக்கிறதா? கையுறையாவது இருக்கிறதா?

“நீங்க கவிதை எழுதுறவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க” என்றார் ஒருவர். சிரித்தார்கள். நான் சொன்னதில் ஒரு வரிகூடக் கவிதை இல்லை. தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வீட்டுப் புல்தரைக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு அம்மாவும் அக்காவும் நானும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். பேரறிவு எதுவும் இல்லை. அம்மாவின் வயல் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போன இடங்கள்தான். முளைத்து ஐந்தாறு இலை விடுமுன் எடுத்துவிட வேண்டும், விட்டால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். எனவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முந்தின நாள் மாலை தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிவிட்டு, செடியின் பக்கவாட்டில் கம்பியை இறக்கி நெம்பி, சங்கிலியோடு எடுக்க வேண்டும். எடுத்த கிழங்கை எருக்குழியில் போடக்கூடாது, வெயிலில் நன்றாகச் சுருங்கக் காயவைக்க வேண்டும். தினமும் தெளிப்பதை விட்டு, நாள் விட்டுத் தண்ணீரை ஆழமாக இறக்க வேண்டும்; எப்போதும் ஈரமாக இருக்கும் மண் கோரைக்குச் சீதனம். புல்லை ஒட்ட வெட்டாமல் ஒன்றரை அங்குலமாவது விட வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது, அருகு அடர்ந்தால் அதுவே பாதி வேலையைச் செய்யும். வெளியிலிருந்து செம்மண்ணோ எருவோ கொண்டுவந்தால் சலிக்காமல் கொட்டக்கூடாது. எங்கள் வாசலுக்குக் கோரை வந்ததே ஒரு டிப்பர் மண்ணில்தான் என்பது அம்மாவின் தீர்ப்பு.

பட்டறையில் சொல்லி, ஒடுங்கிய இரண்டு பல் கம்பிக்கு நாலரை அடிப் பிடி போடச் செய்தேன். அக்கா நின்றபடியே மண்ணை நெம்பிப் பார்த்தார். “இடுப்பு தப்பிச்சுது” என்றார். கிழங்கைப் பொறுக்க உட்காரத்தான் வேண்டியிருந்தது, அதற்கு மணைப்பலகை. நின்று பாதி, உட்கார்ந்து பாதி. கூலியையும் முன்பே பேசிவிட்டேன்: ஆளுக்கு 800, மாலை நாலு மணிவரை. முதல் நாள் பணத்தை வாங்கிய அக்கா தன்னோடு வந்த பெண்ணைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, “ரெண்டு பேருக்குமா டீச்சர் இது?” என்று கேட்டார். “ஒருத்தருக்கு” என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். தன் கூலியே ஏறியதுபோல் இருந்தது அந்தக் குரல்.

பங்குனி முதல் சுற்றில் இரண்டு கிலோவுக்கு மேல் கிழங்கு எடுத்தோம். வைகாசி நான்காம் சுற்றில் ஒரு சொளகின் மூலை நிறையவில்லை. கோரை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது போகிற சாதியே இல்லை. ஆனால் அருகு மூடிக்கொண்டு வருகிறது. மருந்தடித்த பக்கத்து வீடுகளில் கீரைகள் செத்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகக் கோரை நிற்கிறது. மருந்தடிக்கிறவர் கைலியை மடித்துக்கட்டி, மூக்கில் ஒரு கைக்குட்டையோடுதான் இன்னும் வருகிறார். அவருக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்தேன். சூடாக இருக்கிறது என்று சைக்கிளில் மாட்டிவைத்திருக்கிறார். தென்கிழக்கு மூலையில் நாலடி இடத்தை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே பருப்புக்கீரையும் மூக்கிரட்டையும் வளர்கின்றன. அந்த நாலடியில் அருகுதான் களை. கண்டவுடன் பிடுங்குகிறார்.

சென்ற வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பெண்களுக்கு 800 கொடுப்பதால் குடியிருப்பின் கூலி விகிதத்தை நான் கெடுக்கிறேனாம். பாத்திரம் தேய்க்க வருகிறவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். பதில் எழுதிவிட்டேன். எட்டு மணி நேர வேலை, நான்கு சுற்று, எடுத்த கிழங்கின் எடை, பக்கத்து வீடுகளின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் கணக்காகப் போட்டு இணைத்திருக்கிறேன். ஆணுக்கு அரை நாள் 800, பெண்ணுக்கு முழு நாள் 400 என்ற விகிதத்தை எந்தக் கூட்டம் முடிவு செய்தது என்று கேட்டு, அந்தத் தீர்மானத்தின் பிரதியை அனுப்பும்படி கோரியிருக்கிறேன். பாத்திரம் தேய்க்க வருகிறவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சுற்று, ஆனி கடைசி ஞாயிறு.