கருங்கல் என்ற ஒற்றைச் சொல்

பிம்ப்ரியில் வாழும் தமிழர், கட்டடத்துக்குக் குழி தோண்டும்போது வெளிப்படும் கரிய பாறையைத் தயக்கமின்றிக் கருங்கல் என்பர். சென்னைப் பல்லாவரத்துக் குன்றின் கல்லும் அவர்களுக்குக் கருங்கல்லே. உடுப்பியை அடுத்த மால்பே துறையிலிருந்து படகேறிச் செயின்ட் மேரித் தீவுகளில் இறங்கினால், அங்கே நிற்கும் பாறைத் தூண்களுக்கும் அதே பெயர்தான் வாயில் வரும். கண்ணுக்கு மூன்றும் ஒன்று, பிறப்போ வெவ்வேறு.

பிம்ப்ரியின் அடியில் இருப்பது பசால்ட். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை அது மூடியுள்ளது. இதற்கு அறிவியலார் இட்ட பெயர் 'டெக்கான் டிராப்'. 'டிராப்' என்பது படிக்கட்டைக் குறிக்கும் சுவீடியச் சொல்லிலிருந்து வந்தது. அதை ஆங்கிலச் சொல்லாகக் கொண்டு 'பொறி' என்று பெயர்த்தால், எலிப்பொறி நினைவுக்கு வருமே தவிர, படிப்படியாக இறங்கும் சகியாத்திரிச் சரிவுகள் வாரா. கார்லாவிலும் பாஜாவிலும் பௌத்தர் குடைவரைகளைக் குடைந்தது இந்தப் படிகளில்தான்.

செயின்ட் மேரித் தீவுகளின் கதை வேறு. அங்குக் கரையில் மணலைவிடச் சிப்பிகளே மிகுதி. அவற்றைக் கடந்தால், செதுக்கி நட்டவை போன்ற தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. பல அறுகோணம், சில ஐங்கோணம், வேறு எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்டவையும் உண்டு. இதில் சிற்பியின் கை ஏதும் இல்லை. ஏரி வற்றும்போது வண்டல் வெடிப்பதைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். வண்டல் நீரை இழந்து சுருங்குகிறது; குழம்பு வெப்பத்தை இழந்து சுருங்குகிறது. மேற்பரப்பில் தோன்றும் வெடிப்புகள், குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்கத் தாமும் கீழ்நோக்கி நீள்கின்றன. வெடிப்புகள் ஏறத்தாழச் சம கோணத்தில் சந்திக்கும்போது அறுகோணம் பிறக்கிறது. அவை ஆழமாக நீண்டால் தூண்கள் உருவாகின்றன.

பசால்ட்டும் இவ்வாறு தூணாகும். மும்பை அந்தேரியின் கில்பர்ட் குன்று அதற்குச் சான்று. வடிவம் ஒத்திருப்பதாலோ என்னவோ, சுற்றுலாக் குறிப்புகள் பலவும் இத்தீவுகளின் பாறையையும் பசால்ட் என்றே எழுதுகின்றன. உண்மையில் இது சிலிக்கா மிகுந்த ரயோலைட் வகை. வயது ஏறத்தாழ 8.5 முதல் 9 கோடி ஆண்டுகள். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்த காலம் அது. அதே காலத்து எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரிலும் கிடைக்கின்றன. ஆகவே இத்தூண்கள் ஒரு பிரிவுக்குச் சாட்சி. அவற்றைப் பசால்ட் என்று அழைத்தவுடன் அவை தக்காணத்தின் ஒரு துண்டாகிவிடுகின்றன. இரண்டு கோடி ஆண்டு இடைவெளியும், பிரிந்து போன நிலமும் பார்வையிலிருந்து மறைகின்றன.

பல்லாவரத்துக் கல்லோ எரிமலைக் குழம்பு உறைந்ததே அன்று. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் கண்டது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த இத்தகைய கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். சென்னைக் குன்றின் கல், தொலைவிலுள்ள ஒரு கல்லறையின் பெயரால் உலகுக்கு அறிமுகமாயிற்று.

கருங்கல் என்ற சொல்லில் குறையில்லை. அடித்தளம் போடவும், அம்மி கொத்தவும் நிறமும் உறுதியும் தெரிந்தால் போதும். கொத்தனார் கேட்பதும் அதுவே. ஒரு பாறையைக் காக்க வேண்டும் என்று வாதிடும்போதுதான் அச்சொல் போதாமற்போகிறது. செயின்ட் மேரித் தீவுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்ததற்குக் காரணம் அவற்றின் கருமையன்று, பிறப்பு. பிம்ப்ரியை அடுத்த மோஷியில் குவாரிக்காரர் உடைக்கும் கல்லுக்கும் ஒரு பிறப்பு உண்டு. ஜல்லி என்று மட்டும் பெயரிட்டால், அது கன மீட்டர்க் கணக்கில் விற்றுத் தீரும். எது தீர்ந்தது என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்.